தொழிற்பேட்டைக் காற்றுக்கு ஓர் அளவு, ஊர்க் காற்றுக்கு ஓர் அளவு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால் மாடியில் துணி உலர்த்தத் தயங்குகிறோம். அந்தக் காற்றில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்று அரசு எழுதி வைத்த கணக்கு ஒன்று உண்டு. அதன் வரலாறு சற்று விசித்திரமானது.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய வாரியம் நாடு முழுமைக்கும் முதல் தர அளவுகளை வகுத்தது. 1994-இல் அவற்றைத் திருத்தியது. இரண்டு பட்டியலிலும் தொழிற்பகுதிக்கு ஓர் அளவு, குடியிருப்புக்கு ஓர் அளவு, பாதுகாக்க வேண்டிய இடங்களுக்கு ஓர் அளவு. 1994 கணக்குப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசியின் ஆண்டுச் சராசரி குடியிருப்பில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தொழிற்பகுதியில் 120 வரை போகலாம்! ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருந்தவருக்கு மட்டும் என்ன, இரும்பு நுரையீரலா? பதினைந்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

2009 நவம்பர் 18 அறிவிப்புதான் இந்த வேறுபாட்டை நீக்கியது. மொத்தம் 12 மாசுகள். நுண்தூசிக்கு எல்லோருக்கும் 60. ஈயத்துக்கு 0.5, தொழிற்பகுதியில் முன்பு 1.0 இருந்தது.

அளவு வகுப்பது டெல்லி. நடைமுறைப்படுத்துவது மாநில வாரியம். நமக்குக் கும்மிடிப்பூண்டியிலேயே அதன் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. சிக்கல் இங்கேதான். ஆலைக்குத் தரும் இசைவாணை அதன் புகைபோக்கியைக் கட்டுப்படுத்துகிறது. தேசிய அளவோ ஊர்க் காற்றைப் பற்றியது. வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் வரம்புக்குள் இருந்தும் கிளையின் மொத்தக் கடன் எகிறிவிடுவதுண்டு. அதுபோல, எல்லாப் புகைபோக்கிகளும் விதிக்குள் இருந்தாலும் ஊர்க் காற்று விதியை மீறலாம்.

அந்தோணிப்பிள்ளை நகரில் வாரியத்தின் தானியங்கிக் காற்று அளவீட்டு நிலையம் உள்ளது. அதன் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஈயத்தை அப்படி உடனுக்குடன் பார்க்க முடியாது. வடிதாளில் தூசியைச் சேகரித்து ஆய்வகத்தில்தான் பரிசோதிக்க வேண்டும். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் உள்ள ஊரில், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்த மாசுதான் நமக்கு முக்கியம். கடைசியாக எப்போது, எங்கே ஈயம் அளக்கப்பட்டது, என்ன வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு மனுவை எழுதி எடுத்து வருகிறேன்.