படமில்லாப் பெட்டி கற்பித்த பாடம்



சிம் ரேசிங் எனப்படும் கார்ப்பந்தயப் பாவனைப் பயிற்சிக்குக் கருவிகள் வாங்கித் தருமாறு பிள்ளைகள் கேட்கும்பொழுது, பெற்றோரின் பார்வை முதலில் பெரிய திரையின் மீதே செல்கின்றது. காட்சி தத்ரூபமாக இருந்தால் அனைத்தும் தத்ரூபமாகிவிடும் என்பது பொதுவான எண்ணம். இக்கருவிகளின் வரலாறோ வேறொன்றைச் சொல்கின்றது.

அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் விமானப் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தையார் பிங்காம்டன் நகரில் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியவர். அங்குக் கற்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டே லிங்க் தம் பெட்டி விமானத்தைச் சாயவும் திரும்பவும் வைத்தார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே விரும்பி வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவம் விமான அஞ்சல் பணியை ஏற்றது. இருளிலும் மூடுபனியிலும் அளவுமானிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமையால், சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இராணுவம் அவ்வாண்டே லிங்கின் கருவிகள் ஆறனை வாங்கியது. அதன் மூடியை இறக்கிவிட்டால் வெளிக்காட்சி எதுவும் தெரியாது. படமே இல்லாத அப்பெட்டிதான் உயிர்காக்கும் பயிற்சியைத் தந்தது!

கார் ஓட்டும் பாவனையும் அவ்வழியே வளர்ந்தது. அட்டாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ விளையாட்டில் திரையில் தெரிந்தவை வெறும் வெண்புள்ளிகள். ஆனால் ஸ்டீயரிங், மிதிகள், கியர்த்தண்டு ஆகியவை இருந்தன. 1989இல் வந்த ‘ஹார்ட் டிரைவின்’ கிளட்ச்சையும் சேர்த்தது; மோட்டாரின் துணையால் சாலையின் எதிர்விசையைக் கைகளுக்கு உணர்த்தியது. 1967ஆம் ஆண்டுப் பந்தயங்களைக் கணினியில் காட்டிய ‘கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்’ 1998இல் வெளிவந்தபோது, விசைப்பலகையைக் கொண்டு அதனை ஓட்டுவது மிகக் கடினமாக இருந்தது.

இவ்வரலாற்றின்படி கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வரிசையும் அமைகின்றது.

முதலாவது, அசையாத இருக்கையும் சட்டமும். சக்கர நாற்காலி பிரேக்கை மிதித்தவுடன் பின்னே நகர்ந்துவிடும். பிறகு எக்கருவியும் பயன் தராது.

இரண்டாவது, பிரேக் மிதி. மலிவான மிதிகள் கால் நகரும் தொலைவை அளக்கின்றன. லோட் செல் என்னும் உணரி பொருத்தியவை அழுத்தத்தை அளக்கின்றன. பந்தயக் காரில் மிதி சிறிதளவே நகரும். ஓட்டுநர் அழுத்தத்தைக் கொண்டே கணிக்கிறார். கால் நினைவில் வைப்பதும் அதனையே.

மூன்றாவது, ஸ்டீயரிங். பற்சக்கரம், பட்டை, மோட்டாரோடு நேரடி இணைப்பு என மூவகை உண்டு. தொடங்குபவருக்குப் பற்சக்கர வகையே போதும். நேரடி இணைப்பு வகை துல்லியமானது. எனினும் அதன் முறுக்குவிசை சிறுவர்களின் மணிக்கட்டைத் தாக்கக்கூடும் என்பதால், விசையைக் குறைத்தே வைத்தல் வேண்டும்.

திரை இறுதியில் வரட்டும். இருக்கும் திரையைக் கண்ணுக்கு அருகில், கண்மட்டத்தில் வைத்தாலே பெரும்பயன் கிட்டும்.

வீட்டில் விளையாடிய ஜான் மார்டன்பரோ 2011இல் ஜி.டி. அகாடமி போட்டியில் வென்று, 2013இல் லீமான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டினார். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆவதில்லை. ஆயினும், தவறு செய்தாலும் உயிர்ச்சேதமின்றி மீண்டும் முயலும் வாய்ப்பை இக்கருவிகள் அனைவர்க்கும் தருகின்றன. 1934இல் மாண்ட விமானிகளுக்குக் கிட்டாத வாய்ப்பு அதுவன்றோ? விலைப்பட்டியலைப் பார்க்கும்முன் இதனைப் பிள்ளைகளோடு பேசுங்கள்.