கட்டணச் சுவர்: சென்னை மேற்குப் புறநகரில் இலவச இணையக் கணினிக் கல்வி

இணையத்தில் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்து வைத்து, அடுத்த பகுதியைப் பணம் கட்டியவருக்கு மட்டும் காட்டும் ஏற்பாட்டைக் கட்டணச் சுவர் என்பார்கள். செய்தித்தாள்களுக்கு அது கட்டுரையின் நடுவில் எழும். கணினிக் கல்வியில் அது பெரும்பாலும் பாடம் முடிந்த இடத்தில் எழுகிறது. விரிவுரை இலவசம், எழுதிய நிரலைத் திருத்தி மதிப்பெண் போடுவதற்கு, தேர்வு எழுதுவதற்கு, சான்றிதழ் பெறுவதற்குக் காசு. படித்தவர், படித்ததை நிரூபிக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகரில் இந்தச் சுவர் எங்கெங்கே நிற்கிறது, எங்கே பொதுப்பணம் அதில் கதவு வைத்திருக்கிறது என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. லேத், டை, வார்ப்பு, வாகன உதிரிபாகம் என்று சிறுதொழில்கள் அடர்ந்த பேட்டை அது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விஜயந்தா டாங்கி அங்கே உருவானது. இந்த இரண்டு தொழிற்களங்களையும் நம்பிக் குடியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைதான் இன்று இப்பகுதியில் கணினி படிக்கிறது. தாத்தா பிட்டர், அப்பா டர்னர், பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது இங்கே சாதாரணமான வீட்டு வரலாறு.

வேலையும் அதே பாதையில் மாறியிருக்கிறது. தொழிற்பேட்டைக்குள்ளேயே ஹெச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் அலுவலகம் அமைத்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. 2024 நவம்பரில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, தண்டலம் வட்டாரங்களில் தொண்ணூறுகளிலிருந்து தனியார் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக வந்தன. கல்லூரிக் கட்டணத்துக்கே கடன் வாங்கிய வீட்டில், பிளேஸ்மென்டுக்கு முன் மகளோ மகனோ ஒரு சர்டிபிகேட்டுக்குப் பணம் கேட்கும்போது அது சின்னத் தொகையாகத் தெரிவதில்லை.

இலவசம் சுருங்கிய வரலாறு

அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான செபாஸ்டியன் த்ரன் யுடாசிட்டி என்னும் இணையக் கல்வித் தளத்தை உருவாக்கினார். ஆண்ட்ரூ இங்கும் டாஃப்னே கோலரும் 2012இல் கோர்ஸெராவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸை நிறுவின. அந்தச் சில ஆண்டுகளில் பாடம், பயிற்சி, மதிப்பெண், சான்றிதழ் எல்லாமே இலவசமாகக் கிடைத்தன.

அது நீடிக்கவில்லை. 2014இல் யுடாசிட்டி இலவசச் சான்றிதழை நிறுத்தியது. கோர்ஸெரா அடுத்த ஆண்டில் அதே வழிக்கு வந்தது. 2016இலிருந்து பல பாடங்களில் மதிப்பிடப்படும் பயிற்சிகளையும் பணம் கட்டியவருக்கே ஒதுக்கியது. எட்எக்ஸ் 2018 டிசம்பரில் அதைப் பின்பற்றியது. இலவசமாகப் பார்ப்பவருக்குக் கால வரம்பும் வைத்தது. 2021இல் எட்எக்ஸை 2யூ என்னும் வணிக நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்க, அந்த 2யூ 2024இல் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. முதலீட்டாளர் பணத்தில் நடக்கும் இலவசம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இந்தப் பத்தாண்டுகளே கணக்கு.

இதில் மதிப்பிடப்படும் பயிற்சியை மூடியதுதான் பெரிய இழப்பு. நிரலாக்கம் கேட்டு வருகிற கல்வி இல்லை. எழுதி, பிழை கண்டு, திருத்தி, மறுபடி ஓடவிட்டுத்தான் வரும். திருத்த ஆளில்லாத வீட்டில், நிரலைத் தானாகத் திருத்தும் பொறிதான் ஆசிரியர். விரிவுரையைத் திறந்து வைத்துவிட்டு அதைப் பூட்டினால், ஆசிரியரைப் பூட்டியதாகவே பொருள்.

கோர்ஸெராவில் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கும் வழி உண்டு. தன் வருமானத்தையும் தேவையையும் ஆங்கிலத்தில் விளக்கி எழுதிவிட்டுச் சில வாரம் காத்திருக்க வேண்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த மாணவருக்கு அந்த விண்ணப்பமே முதல் தேர்வு. மறுபக்கம், ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் தன் சொந்தத் தளத்தில் இன்றும் பயிற்சியையும் சான்றிதழையும் இலவசமாகத் தருகிறது. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், நன்கொடையில் நடக்கும் தொண்டு அமைப்பாக அதையே செய்கிறது. ஆகவே சுவர் எழுந்தே தீர வேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் விதி இல்லை. யார் செலவை ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆயிரம் ரூபாய்த் தேர்வு

இப்பகுதி மாணவர்களைப் பொறுத்தவரை மையமான பெயர் என்பிடெல். ஏழு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில், 2003இல் இத்திட்டத்தைத் தொடங்கின. அதன் ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடியில் இருக்கிறது. விரிவுரைகள் யூடியூபில் முழுமையாகக் கிடைக்கின்றன, தரவிறக்கியும் பார்க்கலாம். 2014 மார்ச்சில் சான்றிதழோடு கூடிய முதல் பாடம் வந்தது. அது நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, படிமுறை பற்றியதாகவே இருந்தது. 2017இல் மத்திய அரசின் சுவயம் தளம் வந்தபின் என்பிடெல்லின் சான்றிதழ்ப் பாடங்கள் அதன்வழி நடக்கின்றன.

பதிவு இலவசம். வாராந்தரப் பயிற்சிகளும், அவற்றின் மதிப்பெண்ணும் இலவசம். மேலே சொன்ன வெளிநாட்டுத் தளங்கள் பூட்டிய கதவு இங்கே திறந்தே இருப்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் சான்றிதழில் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. அந்தத் தேர்வுக்குப் பல ஆண்டுகளாக ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் வாங்கப்படுகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி.

கட்டணத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நாடெங்கும் தேர்வுக்கூடம், கணினி, கண்காணிப்பாளர் எல்லாவற்றுக்கும் செலவாகிறது. கண்காணிப்பு இருப்பதால்தான் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றிதழை நம்புகின்றன. எனினும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறலாம். கிரெடிட்டோடு சேர்ந்த கணத்தில், விருப்பமுள்ளவர் கட்டும் கட்டணம் எல்லோரும் கட்டும் கட்டணமாக மாறுகிறது. பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் 2000 ரூபாய். தேறியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கல்லூரிகளும் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் கையிலிருந்து போட வேண்டும், தவறினால் போட்டது போனது. தவறிவிடுவோமோ என்ற பயம் உள்ளவர்தான் பெரும்பாலும் அந்த ஆயிரத்தை யோசிப்பவரும்.

இந்தத் தொகையை அளக்க ஓர் உள்ளூர் அளவுகோல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் ஆண் மாணவர்களுக்கும் அதே தொகை. ஒரு என்பிடெல் தேர்வு, இந்த உதவித்தொகையின் ஒரு முழு மாதத்தை எடுத்துக்கொள்கிறது. பஸ், ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ், மதியச் சாப்பாடு எல்லாம் அதே ஆயிரத்துக்குள்தான் நடக்க வேண்டும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் வேறு வழியில் போனது. தொழில் நிறுவனங்கள் வடிவமைத்த திறன் பாடங்களைப் பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, மாணவரிடம் கட்டணம் கேட்காமல் நடத்துகிறது. இப்பகுதிக் கல்லூரிகளில் சான்றிதழுக்குக் காசு இல்லாத பெரிய வாய்ப்பு இதுவே. பாடத்தின் ஆழத்தில் என்பிடெல்லோடு ஒப்பிட முடியாதவை இதில் உண்டு. ஆனால் பணம் கட்ட முடியாததால் யாரும் வெளியே நிற்பதில்லை.

சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டம் இன்னொரு வகை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. விரிவுரைகள் யூடியூபில் பொதுவில் இருக்கின்றன. பட்டம் வரை போக மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை இருக்கிறது.

கருவியும் டேட்டாவும்

பாடம், தேர்வு இரண்டும் இலவசமானாலும் மடிக்கணினி வேண்டும். போனில் விரிவுரை பார்க்கலாம். நூறு வரி நிரலைப் போனில் தட்டுவது வதை. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடிக்கு மேற்கே அதே ரயில் பாதையை ஒட்டிய திருவள்ளூர் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. பிறகு சில ஆண்டுகள் நின்றது. அந்த இடைவெளியில் கல்லூரிக்குள் வந்தவர்களில் பலர் அடுத்தவர் கணினியை இரவல் வாங்கிப் படித்தார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அரசு அறிவித்தது.

டேட்டாவின் விலை 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் சரிந்தது. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஒன்றாக உயர்த்தின. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்ற திட்டத்தில் அம்மாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துப் படிக்கும் வீட்டில், இரண்டு விரிவுரைக்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். என்பிடெல் காணொளியைக் கல்லூரி வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு ஆவடி லோக்கல் ரயிலில் பார்க்க முடிவது, அதனால்தான் சிறிய வசதி இல்லை.

தமிழில் இலவசம்

மொழியும் ஒரு சுவரே. சென்னையில் தோன்றிய குவி, நிரலாக்கத்தைத் தமிழ்க் காணொளிகளில் கற்பிக்கத் தொடங்கி வளர்ந்த நிறுவனம். 2022இல் ஹெச்சிஎல் குழுமம் அதன் பெரும்பங்கை வாங்கியது. வேலை உறுதியை முன்வைக்கும் அதன் நீண்ட பயிற்சிகள் கட்டணமுள்ளவை. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் வேறு மனப்பான்மையில் பிறந்தது. த. ஸ்ரீநிவாசனும் நண்பர்களும் லினக்ஸ், மை-எஸ்கியூஎல், எச்டிஎம்எல், பிஎச்பி பற்றி எளிய தமிழில் எழுதப்பட்ட நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் நகலெடுக்கும்படி வெளியிட்டார்கள். அந்த நூல்களை நாளைக்கு எந்த நிறுவனம் காசுக்கு விற்றாலும், அவற்றின் இலவச நகல்களைச் சுவருக்குப் பின்னால் மறைக்க முடியாது. உரிமமே அதைத் தடுக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பலர் மறந்துவிடும் ஒன்று, தமிழ்நாடு அரசின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல். பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான், தரவுத்தளம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தமிழ்வழி மாணவர் கல்லூரியின் முதல் ஆண்டில் திணற வேண்டியதில்லை.

பூந்தமல்லியில் இன்னொரு சுவர்

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் பூந்தமல்லியில் இருக்கின்றன. அந்த மாணவர்கள் கணினி படிக்க, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வேண்டும். நெடுங்காலம் கோலோச்சிய ஜாஸ் மென்பொருளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேவோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ இலவசமாகவும் திறந்த மூலமாகவும் வந்து அந்தத் தடையை உடைத்தது.

ஆனால் ஆசிரியர் பலகையில் எழுதியபடி "இதை இங்கே கூட்டினால் அது வரும்" என்று சொல்லிப் போகும் விரிவுரையை எந்தத் திரைவாசிப்பானும் வாசிக்காது. படமாக ஒட்டிய நிரலையும் அது வாசிக்காது. அந்தப் பாடத்தின் விலை பூஜ்யம்தான். பூந்தமல்லி மாணவருக்கு அது மூடியே கிடக்கிறது. நிரலை எழுத்தாகத் தருவதும், பலகையில் எழுதுவதை வாயால் சொல்வதும் செலவில்லாத வேலைகள்.

எது தேவை

இப்பகுதியில் இலவசமாக நிலைத்தவை அனைத்துக்கும் பின்னால் அரசின் பணமோ, தன்னார்வலரின் உழைப்போ, நகலெடுக்க அனுமதிக்கும் உரிமமோ இருக்கிறது. என்பிடெல்லின் விரிவுரைக்கும் பயிற்சிக்கும் அரசு செலவழித்தாயிற்று. மிச்சமிருப்பது கடைசி ஆயிரம் ரூபாய். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் பட்டியலில் உள்ள மாணவர் யார் என்பது அரசுக்கு ஏற்கெனவே தெரியும். வருமானச் சான்று கேட்டு அலைக்கழிக்க வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் எழுதும் முதல் என்பிடெல் தேர்வின் கட்டணத்தை, தேறுவதற்கு முன்பே, நான் முதல்வன் திட்டம் ஏற்க வேண்டும்.