கொல்லிமலைச் சிறுதானியங்கள்

நாமக்கல் மாவட்டத்தில், எருமப்பட்டிச் சமவெளிக்கு வடக்கே ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலையில் மானாவாரியாக விளையும் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு வகைகள். பயிரிடுவோர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்வோர் என்பதே பெயரின் பொருள், கேரளத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாமையில் மட்டும் சடஞ்சாமை, பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை எனப் பல உண்டு. ஒன்று சீக்கிரம் கதிர் முற்றும்; ஒன்று வயலில் நெடுநாள் நிற்கும். மழை எப்படிப் பெய்தாலும் ஏதோ ஒன்றாவது வீடு வந்து சேரும். அடுத்த பட்டத்துக்கான விதை தொம்பையில் கிடக்கும். தொம்பை என்பது மூங்கிலால் முடைந்து, மண்ணும் சாணமும் பூசிய குதிர்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது வறட்சியன்று, மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் கேட்டன. 1981-இல் அந்த ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. கிழங்குக்குக் கைமேல் காசு. சோற்றுக்கு ரேஷன் அரிசி: 2008-இல் கிலோ 1 ரூபாய், 2011 முதல் விலையில்லை. தினைக்காடுகள் கிழங்குக்காடுகளாயின. சரிவில் கிழங்கைத் தோண்டி எடுக்க, மேல்மண் மழையோடு இறங்கியது.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம் உரல். சாமையின் உமி இறுகியது; அதைக் குத்திப் புடைப்பது முழுக்கப் பெண்கள் வேலை. சாமை போனதற்காக எந்தப் பெண்ணையும் குறைசொல்ல முடியாது. 1990-களில் மலைக்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. தொம்பையை ஒட்டி ஊர் விதை வங்கிகள் அமைத்ததோடு, உமி நீக்கும் இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. மாவும் அவலும் பொட்டலமாகி மலையிறங்கின. பாரம்பரியத்தைப் போற்றச் சொன்ன உரைகளைவிட அந்த இயந்திரமே சாமைக்கு அதிகம் உதவியது என்று சொல்லலாம்.

மரவள்ளிக்கும் சோதனை வந்தது. 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட அயல்நாட்டு மாவுப்பூச்சி, வறண்ட வெயிலில் பல்கி, சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து அங்கே மரவள்ளியை அழித்ததும், 1980-களில் ஒரு சிறு குளவியால் அடங்கியதும் இதே பூச்சிதான். அந்தக் குளவியைப் பெனினிலிருந்து வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.