காரை விட்டுக் குழந்தையைக் கட்டியது: பிரிட்டனில் வெளி விளையாட்டு சுருங்கிய விதம்

1971இல் இங்கிலாந்தின் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 1990இல் அதே பகுதிகளில் மறுபடி விசாரித்தபோது 9 விழுக்காட்டினரே அப்படிப் போனார்கள். மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் ஒயிட்லெக் மூவரும் எழுதிய ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’ என்ற ஆய்வறிக்கையின் கணக்கு இது. 1971இல் சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினருக்குச் சாலையில் ஓட்ட அனுமதி இருந்தது. 1990இல் நான்கில் ஒரு பங்கினருக்குத்தான். சைக்கிள் இருந்தது, ஓட்ட இடமில்லை.

அந்த இருபது ஆண்டுகளில் சாலை விபத்துகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்திருந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அதிகாரிகள் இதைச் சாதனையாகக் காட்டினார்கள். ஆய்வாளர்கள் கிடுக்கிப்பிடி போட்டது இங்கேதான். கார்கள் சொற்பமாக ஓடிய 1922இல் சாலையில் செத்த குழந்தைகள், வண்டிகள் நெரிசலிட்ட 1980களின் பிற்பகுதியில் செத்தவர்களைவிட அதிகம். அதனால் 1922இன் தெருக்கள்தான் ஆபத்தானவை என்று யாராவது வாதிடுவார்களா? அன்று தெருவில் குழந்தைகள் இருந்தார்கள், பிறகு இல்லை. சாவு குறைந்ததற்குப் பெரும் காரணம் அதுவே என்பது அவர்கள் வாதம். மருத்துவ முன்னேற்றத்துக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் 80 விழுக்காடு 9 ஆனதை மருத்துவமனைகள் விளக்கிவிட முடியாது.

அறிக்கையின் தலைப்பே அரசின் சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டியிலிருந்து எடுத்தது. ஓர் அடி தப்பினால் உயிர் போய்விடும் என்று அந்தச் சுவரொட்டி குழந்தையை எச்சரித்தது. காரோட்டியைப் பார்த்துப் பேச அதற்குத் தோன்றவில்லை. ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் நடந்ததெல்லாம் இந்த ஓரவஞ்சனைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்: ஆபத்தை உண்டாக்குபவனை விட்டுவிட்டு, ஆபத்துக்கு ஆளாகிறவனை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவது. பிள்ளையைத் தனியே அனுப்பாததற்குப் பெற்றோர் முதலில் சொன்ன காரணம் போக்குவரத்து. அந்நியர் பயம் அதற்கு அடுத்துத்தான். ஆகவே பெற்றோரைக் கோழைகள் என்று கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. தன் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுகிற தாய், நடந்து போகிற அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு காராகிறாள் என்பதுதான் சிக்கல். அந்தப் பிள்ளையும் மறுநாள் காரில் ஏறிவிடுகிறது.

தெருவுக்கு மாற்றாகத் தரப்பட்ட விளையாட்டுத் திடலின் கதை இன்னும் சுவையானது. 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்ற குடியிருப்பில் ஒரு ‘பழைய சாமான் திடல்’ திறக்கப்பட்டது. நிலவடிவமைப்பாளர் சி. தி. சோரன்சென் தாம் போட்டுக்கொடுத்த அழகிய திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டுமான மனைகளில் போய் ஆடுவதைக் கவனித்தவர். அதனால் எம்ட்ரப்பில் பலகையும் செங்கல்லும் மண்வெட்டியும் சுத்தியலும் மட்டும் கொடுத்தார்கள். மேற்பார்வைக்கு ஜான் பெர்டல்சென் இருந்தார். போர் முடிந்த மறு ஆண்டு அங்கே போய்ப் பார்த்த ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர் மார்ஜரி ஆலன் அந்த எண்ணத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தார். குண்டு விழுந்து வெறிச்சோடிக் கிடந்த மனைகளுக்கு அங்கே பஞ்சமா என்ன? 1948இல் கேம்பர்வெல்லில் அப்படியொரு திடல் வந்தது. குண்டுவீச்சில் பிழைத்த தலைமுறைக்கு ஆணியும் நெருப்பும் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்காது.

அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தது. உயரமான சறுக்குமரங்கள் கழற்றப்பட்டன, தரையில் ரப்பர் விரிப்பு வந்தது. இந்தச் செலவால் கிடைத்த பலன் என்ன என்று மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் பால் அரசுக்காக ஆராய்ந்து 2002இல் அறிக்கை கொடுத்தார். பிரிட்டன் முழுவதிலும் விளையாட்டுத் திடல் சாவு சராசரியாக மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒன்றுதான். சாலைகளிலோ அன்று ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்படிப்பட்ட மிகை எச்சரிக்கைக்கான பழி பெரும்பாலும் சட்டத்தின் மேல் விழும். ஆனால் பயம் சட்டத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறது. ஆங்கிலேயச் சிறுவர்கள் ஆடும் ‘காங்கர்ஸ்’, கயிற்றில் கோத்த கொட்டையால் எதிராளியின் கொட்டையை அடித்து உடைக்கும் விளையாட்டு; நம்மூர்ப் பம்பரக் குத்துபோல. அதைப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துவிட்டன என்று நாடெங்கும் பேச்சு. பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ், 2007இல் தானே முன்வந்து, நாங்கள் எதையும் தடுக்கவில்லை, அந்த ஆபத்து பொருட்படுத்தத் தக்கதே இல்லை என்று மறுக்கவேண்டியதாயிற்று.

நீதிமன்றத்தின் போக்கும் அச்சத்துக்கு இடம் தருவதாக இல்லை. செஷயரில் ஒரு பழைய மணல்குழி ஏரியாகிப் பூங்காவாகியிருந்தது. ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்த 18 வயது இளைஞர் கழுத்து முறிந்து முடங்கிப்போனார். கரையில் மண் கொட்டிச் செடி வைத்து, யாரும் இறங்காதபடி மணற்பரப்பையே மூடிவிட உள்ளாட்சி மன்றத்தார் அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தார்கள். 2003இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கைத் தள்ளியது. அந்த மணலில் ஆடிக் களிக்கும் குடும்பங்களும் குழந்தைகளும் இழக்கப்போவதையும் தராசில் வைக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இதே நோக்கை முதல் பிரிவிலேயே எழுதிவைத்தது. 2008இல் டேவிட் பால், டிம் கில், பெர்னார்ட் ஸ்பீகல் ஆகியோர் எழுதிய வழிகாட்டி நூல், திடலை மதிப்பிடுகிறவர் காயத்தோடு நன்மையையும் ஒரே தாளில் குறிக்கவேண்டும் என்றது. காயத்தை மட்டும் எண்ணும் படிவத்தில் மரமேறுவதன் பயனுக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. காயம் கணக்கில் ஏறும், ஆடாமல் போன ஆட்டம் ஏறாது. அந்தக் கணக்கில் மரம் எப்போதும் தோற்கத்தான் செய்யும்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் சாலை விபத்தில் அடிபடுவது வசதியானவர்களின் பிள்ளைகளைவிட அதிகம். விட்டுவிடுங்கள், ஓடட்டும் என்பது அகலமான நடைபாதையும் தோட்டமும் உள்ளவர்கள் சொல்லும்போது வேறு, வேகச் சாலையோர அடுக்ககத்தில் வேறு. பெற்றோருக்குத் துணிச்சல் போதிக்கும் புத்தகங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பிரிஸ்டலில் 2009இல் சில பெற்றோர் எடுத்த வழி இதற்கு ஓரளவு விடை தருகிறது. ‘பிளேயிங் அவுட்’ என்ற பெயரில் அவர்கள் தங்கள் தெருவை ஒருசில மணி நேரம் வண்டிகளுக்கு மூடினார்கள். தெருமுனையில் ஒளிரும் சட்டை அணிந்த அண்டைவீட்டார் நிற்கிறார்கள். வெளி வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அத்தெருக்காரர் கார் வந்தால் அதன் முன்னே நடந்து, நடை வேகத்தில் வீடுவரை கூட்டிப்போகிறார்கள். இது புதுமையும் இல்லை. விளையாட்டுத் தெருக்களுக்கு 1938இலேயே பிரிட்டனில் தனிச் சட்டம் இருந்தது. கார் பெருகப் பெருக அது மறக்கப்பட்டது. பெற்றோரின் மனத்தை மாற்ற இங்கே யாரும் மெனக்கெடவில்லை, கட்டுப்பாடு காருக்குத்தான். ஆனால் விண்ணப்பம் எழுதவும் அண்டைவீட்டாரைத் திரட்டவும் ஆளும் நேரமும் உள்ள தெருக்களுக்கே இது எளிது. பிள்ளைகளுக்குத் திறந்த தெருவும் ஓரிரு மணி நேரம் கழித்துக் கார்களிடமே திரும்பிவிடுகிறது.