நாம் பாராத நம் படங்கள்

எமது பழைய மாணவிகள் எங்கே கூடினாலும் பேச்சு சினிமாவுக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து வந்த படங்கள் எங்களுக்கு மனப்பாடம். இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் கை உயர்த்துவோர் சிலரே.

கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ 1972இல் வந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமாக வெளிவந்தது. அதே காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் ‘பொன்மணி’யில் காட்டினார்.

விடுதிப் பிள்ளைகளான எங்களுக்குத் தியேட்டர் தூரம். ‘வாடைக்காற்று’ நாவலைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். படத்தை லீவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். லீவுக்குப் போனால் தென்னிந்தியப் படங்களே எங்களை இழுத்தன. பிறகு 1983 ஜூலைக் கலவரத்தில் எமது படச்சுருள்கள் பல எரிந்து போயின. அப்படிப் போனவற்றை இனித் தேடியும் பார்க்க முடியாது.

‘பொன்மணி’ தப்பியிருக்கிறது, பேரப்பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். மற்றவற்றை அந்நாளில் பார்த்த அக்காமார், எந்த நாட்டில் இருந்தாலும், நினைவிலுள்ளதை எழுதி அனுப்புங்கள். எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், எந்தக் காட்சியில் அழுதீர்கள் என்பதே போதும். சங்கத்தின் ஆவணங்களோடு சேர்த்து வைப்போம். படச்சுருள் எரிந்தாலும் பார்த்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள்.