டொயோட்டா குவாலிஸ்

டொயோட்டா குவாலிஸ் என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இந்தியாவில் தயாரித்து விற்ற முதல் பயணிகள் தானுந்து ஆகும். இது 2000ஆம் ஆண்டு சனவரி மாதம் அறிமுகப்படுத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதன் இடத்தை இன்னோவா பெற்றது. எட்டு முதல் பத்துப் பேர் வரை அமரக்கூடிய இவ்வூர்தி, வாடகைக் கார் தொழிலில் இருப்பவர்களிடமும் கூட்டுக் குடும்பங்களிடமும் பெரும் வரவேற்பைப் பெற்றது. புதுமைக்காகவோ அழகுக்காகவோ அன்றி, எளிதில் பழுதாகாத தன்மைக்காகவே இது பெயர் பெற்றது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட நிலப் பகுதிகளில் இத்தன்மை ஏன் முதன்மையாகக் கருதப்பட்டது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

ஜப்பானில் 1997 முதல் 2002 வரை விற்கப்பட்ட 'மார்க் 2 குவாலிஸ்' என்பது வேறொரு தானுந்து. பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை.

டொயோட்டாவின் தொடக்கம்

டொயோட்டா நிறுவனத்தின் வேர் நெசவுத் தொழிலில் உள்ளது. சாகிச்சி டொயோடா (1867–1930) என்னும் தச்சர் மகன், நெசவுத் தறிகளை மேம்படுத்துவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1924இல் உருவான 'ஜி' வகைத் தானியங்கித் தறி அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பாகும். சாதாரணத் தறியில் ஊடை நூல் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தி நாடாவை மாற்ற வேண்டும். 'ஜி' வகைத் தறி ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவைத் தானே மாற்றிக்கொண்டது. பாவு நூல் அறுந்தாலோ உடனே தானாக நின்றுவிடும். இதனால் பழுதான துணி நெய்யப்படுவது தவிர்க்கப்பட்டது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கவும் முடிந்தது.

இத்தறிகளைத் தயாரிக்க 1926இல் டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1929இல் தறியின் காப்புரிமை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா தானுந்துகளில் ஆர்வம் கொண்டவர். 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே தானுந்துப் பிரிவு தொடங்கப்பட்டது. 1936இல் 'ஏஏ' என்னும் முதல் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் 'டொயோடா' என்ற குடும்பப் பெயர் 'டொயோட்டா' என்ற வணிகப் பெயராக மாற்றப்பட்டது. 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் தனி நிறுவனமாயிற்று.

பழுது நேர்ந்தவுடன் இயந்திரம் நிற்க வேண்டும், பழுதின் காரணத்தைக் கண்டு களைந்த பின்னரே வேலை தொடர வேண்டும் என்ற தறியின் நெறி, பின்னர் தானுந்து உற்பத்திக்கும் அடிப்படையாயிற்று. ஜப்பானிய மொழியில் இது 'ஜிடோக்கா' எனப்படும்.

இந்தியாவில் டொயோட்டா

1980களில் டி.சி.எம். குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூரில் டைனா என்னும் சிறு சரக்குந்தை டொயோட்டா தயாரித்தது. பின்னர் அந்தக் கூட்டிலிருந்து விலகியது.

டொயோட்டாவின் அடுத்த வருகையும் நெசவு வழியாகவே அமைந்தது. 1995இல் கிர்லோஸ்கர் குழுமத்துடன் இணைந்து பெங்களூரில் நூற்பு இயந்திரங்களைத் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1997இல் அதே குழுமத்துடன் டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் நிறுவனம் உருவானது. பெங்களூர்–மைசூர் சாலையில் உள்ள பிடதியில் தொழிற்சாலை அமைக்கப்பட்டு, 1999 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த முதல் ஊர்தி குவாலிஸ் ஆகும்.

கிஜாங்கும் குவாலிசும்

குவாலிஸ் இந்தியாவுக்கென்று புதிதாக வரையப்பட்ட ஊர்தி அன்று. இந்தோனேசியாவில் 1977 முதல் விற்கப்பட்ட 'கிஜாங்' என்னும் ஊர்தியின் மூன்றாம் தலைமுறையை (1986–1996) அடிப்படையாகக் கொண்டது. கிஜாங் என்ற இந்தோனேசியச் சொல் கேளையாடு எனப்படும் சிறிய மான் வகையைக் குறிக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஊர்திகள் பிலிப்பைன்சில் 'தமராவ்' என்றும், தைவானில் 'சேஸ்' என்றும் விற்கப்பட்டன. நல்ல சாலைகள் குறைந்த நாடுகளில் ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்வதற்காக இவை உருவாக்கப்பட்டன.

குவாலிஸ் இந்தியாவுக்கு வந்தபோது இதன் தோற்றம் பழமையானது என்ற விமரிசனம் எழுந்தது. டாட்டா சுமோ ஏற்கனவே இச்சந்தையில் வலுவாக இருந்தது. மகிந்திராவின் பொலேரோ அதே 2000ஆம் ஆண்டில் வந்தது. எனினும் வாடகைக் கார் உரிமையாளர்களும் பெங்களூர் போன்ற நகரங்களில் இரவுப் பணியாளர்களை ஏற்றிச் சென்ற நிறுவனங்களும் குவாலிசைப் பெருமளவில் வாங்கினர்.

அமைப்பு

- இயந்திரம்: 2446 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட டீசல் இயந்திரம். ஆற்றல் ஏறத்தாழ 75 குதிரைத்திறன். டர்போ இல்லை.
- பெட்ரோல் வகை: 1998 கன செ.மீ. இயந்திரம் கொண்டது. டீசல் வகையே மிகுதியாக விற்பனையானது.
- பல்லிணை: ஐந்து முன் கியர்கள். இயந்திர ஆற்றல் பின் சக்கரங்களுக்குச் செல்லும்.
- சட்டகம்: சரக்குந்துகளில் உள்ளது போன்ற தனி இரும்புச் சட்டகம். உடற்பகுதி அதன் மேல் பொருத்தப்பட்டிருக்கும்.
- பின்புறத் தொங்கமைப்பு: பணிமனைகளில் 'பட்டை' எனப்படும் இலை வில்கள்.
- இருக்கை: வகையைப் பொறுத்து 8 முதல் 10 வரை. பத்து இருக்கை வகையில் கடைசிப் பகுதியில் பக்கவாட்டு இருக்கைகள் எதிரெதிராக அமைந்தன.

டீசலை உட்செலுத்தும் பம்பு முழுவதும் இயந்திர முறையில் இயங்குவது. எனவே கணினிக் கருவி இல்லாத சிறு பணிமனையிலும் பல பழுதுகளைக் கண்டறிந்து சரிசெய்ய முடிந்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில்

நிலமும் சாலையும்

அருப்புக்கோட்டை மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில், மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள நெசவு நகரமாகும். திருச்சுழி, இரமண மகரிசி 1879இல் பிறந்த ஊர். திருமேனிநாதர் கோயில் இங்குள்ளது. இவ்வட்டாரத்தில் கரிசல் மண் பரவலாகக் காணப்படுகிறது. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். வேளாண்மை கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியது.

கரிசல் மண் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். இதனால் அதன் மேல் போடப்பட்ட சிறு சாலைகள் விரைவில் அலைபோல் மேடுபள்ளமாகிவிடும். கோடையில் வெப்பமும் புழுதியும், மழையில் ஒட்டும் சேறும் ஊர்திகளைச் சோதிக்கும். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாக மாற்றப்பட்ட பின்னரும் உட்கிராமச் சாலைகளின் இயல்பு இதுவே.

வாடகைத் தொழில்

இவ்வட்டாரத்தின் கிராமங்களுக்குப் பேருந்து குறைவு. இரவில் பெரும்பாலும் இல்லை. மானாமதுரை–விருதுநகர் இருப்புப்பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகச் செல்கிறது. அது அகலப்பாதையாக்கப்பட்டு 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே திருமணம், காதுகுத்து, துக்க வீடு, இருக்கன்குடி, திருச்செந்தூர், இராமேசுவரம், சபரிமலைப் பயணங்கள் ஆகியவற்றுக்கு மக்கள் வாடகைக் கார்களை நம்பினர்.

இவற்றினும் முதன்மையானது மருத்துவத் தேவை. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மகப்பேறு, பாம்புக்கடி, விபத்து ஆகியவற்றில் நோயாளியை மதுரைக்குக் கொண்டுசெல்ல, ஊரில் அல்லது பக்கத்து ஊரில் கார் வைத்திருப்பவரின் கதவைத் தட்டுவதே பலருக்கு இருந்த ஒரே வழி. நள்ளிரவில் முதல் திருப்பத்திலேயே உயிர்பெற்று, வழியில் நில்லாமல் போகும் ஊர்தி என்பது இங்கு வசதி பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

காரை ஓட்டுபவரே அதன் உரிமையாளராகவும் இருப்பது இத்தொழிலில் வழக்கம். ஊர்தி பெரும்பாலும் கடனில் வாங்கப்படும். திருமண மாதங்களிலும் சபரிமலைக் காலத்திலும் கிடைக்கும் வருவாயே ஆண்டின் தவணையைக் கட்ட உதவும். அந்த நாட்களில் ஊர்தி பணிமனையில் நின்றால் வாடகை இழப்பு ஒருபுறம், தவணை நிலுவை மறுபுறம். ஆகவே வாங்கும் விலையைக் காட்டிலும், ஆண்டில் எத்தனை நாள் ஊர்தி ஓடாமல் நிற்கும் என்பதே உரிமையாளரின் கணக்கில் பெரிதாக நின்றது. குவாலிஸ் பெற்ற மதிப்பின் அடிப்படை இக்கணக்கே.

உரிமையாளர் அனுபவங்கள்

நிறைகள்

பல இலட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னும் இயந்திரத்தைப் பிரிக்க நேராத குவாலிஸ்கள் உண்டு என்பது உரிமையாளர்கள் பொதுவாகக் கூறும் சிறப்பாகும். சட்டகமும் பட்டையும் மேடுபள்ளச் சாலைகளில் பாரத்தைத் தாங்கின. டீசல் செலவு, ஓட்டும் முறையையும் பாரத்தையும் பொறுத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 13 கி.மீ. வரை அமைந்தது. பயன்படுத்திய ஊர்திக்கும் நல்ல விலை கிடைத்ததால், அவசரத் தேவைக்கு விற்கக்கூடிய சொத்தாகவும் இது கருதப்பட்டது.

குறைகள்

இயந்திரத்தின் ஆற்றல் குறைவு. முழுப் பாரத்துடனும் குளிரூட்டியுடனும் கொடைக்கானல் போன்ற மலைச்சாலைகளில் ஏறும்போது இது தெளிவாகத் தெரியும். இரைச்சலும் அதிர்வும் மிகுதி. ஆளில்லாமல் ஓட்டும்போது பட்டையின் விறைப்பால் பின்பகுதி துள்ளும். பக்கவாட்டு இருக்கைகளில் நெடுந்தூரம் செல்வது சிரமம் என்பது பயணிகளின் குறையாக இருந்தது.

பராமரிப்பு

வறண்ட பகுதிகளில் இவ்வூர்தியை நெடுங்காலம் வைத்திருப்போர் மூன்று செய்திகளை வலியுறுத்துவர்.

1. புழுதிச் சாலையில் ஓடும் ஊர்தியின் காற்று வடிகட்டியை, கையேடு கூறும் காலத்துக்கு முன்பே தூய்மை செய்ய வேண்டும். அடைபட்ட வடிகட்டி கரும்புகையையும் டீசல் செலவையும் கூட்டும்.
2. ரேடியேட்டரில் உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றக் கூடாது. அது உட்குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும். இயந்திரம் அளவுமீறிச் சூடேறினால் சிலிண்டரின் தலைப்பகுதி பழுதாகும். இது பெருஞ்செலவு வைக்கும்.
3. டைமிங் பெல்ட்டைக் குறித்த தூரத்தில் தவறாது மாற்ற வேண்டும். அது முன்னறிவிப்பின்றி அறுந்தால் இயந்திரத்தின் உட்பகுதிகளும் சேதமடையும்.

இவ்வகையில், பழுதாகாத ஊர்தி என்ற பெயர் ஊர்திக்கு மட்டுமே உரியதன்று. அதை நாள்தோறும் கவனித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

பாதுகாப்பு

குவாலிஸ் காற்றுப்பைகள் கட்டாயமாவதற்கு முந்தைய காலத்து ஊர்தி. இந்தியாவில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019ஆம் ஆண்டில்தான் கட்டாயமாக்கப்பட்டது. பத்துப் பேருக்கான ஊர்தியில் அதைவிட மிகுதியான பேரை ஏற்றுவது திருவிழாக் காலங்களில் பரவலாக நடந்தது. சட்டகம் பாரத்தைத் தாங்கினாலும், மிகைப்பாரம் தடையின் திறனைக் குறைத்து ஊர்தி கவிழும் வாய்ப்பைக் கூட்டும். இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்துக்கும் ஊர்தியின் உறுதி மாற்றாகாது. நீடித்து உழைத்தல் வேறு, மோதலில் காத்தல் வேறு என்பதைப் பழைய ஊர்திகளைப் பயன்படுத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்னோவாவின் வருகை

விற்பனை நல்ல நிலையில் இருந்தபோதே குவாலிஸ் நிறுத்தப்பட்டு, 2005 பெப்ரவரியில் இன்னோவா அறிமுகமானது. அதன் 2.5 லிட்டர் டீசல் இயந்திரம் ஏறத்தாழ 102 குதிரைத்திறன் கொண்டது. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தும் முறை அதில் இருந்தது. விலை கூடுதல் என்று தயங்கிய வாடகைத் தொழிலாளர்கள், அதன் சொகுசையும் உழைப்பையும் கண்டு காலப்போக்கில் அதற்கு மாறினர். அதேவேளையில், கலப்பட டீசலால் உட்செலுத்திகள் கெட்டால் ஆகும் செலவும், பழுதறியக் கணினி தேவைப்படுவதும் ஊர்ப் பணிமனைகளுக்குப் புதிய சிக்கல்களாயின.

2016இல் இன்னோவா கிரிஸ்டா வந்தது. 2022இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் தனிச் சட்டகத்தையும் பின்சக்கர இயக்கத்தையும் டீசலையும் கைவிட்டு, பெட்ரோல் இயந்திரத்துக்கும் பெட்ரோல்–மின் கலப்பு முறைக்கும் மாறியது.

பிற்கால நிலை

இறுதியாகத் தயாரிக்கப்பட்ட குவாலிஸ்களும் 20 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. சொந்தப் பயன்பாட்டு ஊர்திகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் செலுத்த வேண்டும். மகிழுந்துகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைத் தாண்டியவற்றுக்கு 2025இல் இது 10,000 ரூபாயாக்கப்பட்டது. தில்லி வட்டாரத்தில் டீசல் ஊர்திகளுக்கு விதிக்கப்பட்ட 10 ஆண்டு வரம்பு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

பழைய டீசல் இயந்திரத்தின் புகை உடல்நலத்துக்குக் கேடானது. அதே ஊர்தியை நம்பியே சில குடும்பங்களின் வருவாய் உள்ளது. பழைய ஊர்திகளின் பதிவைப் புதுப்பிப்பது பற்றிய விவாதத்தில் இவ்விரண்டு உண்மைகளும் எதிரெதிரே நிற்கின்றன. நெடுநாள் உழைக்க வேண்டும் என்று செய்யப்பட்ட பொருளே, உழைத்து முடித்த பின் எப்போது விடைபெற வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

இவற்றையும் பார்க்க

- டொயோட்டா இன்னோவா
- டாட்டா சுமோ
- தானியங்கித் தறி
- அருப்புக்கோட்டை
- திருச்சுழி
- கரிசல் மண்