பள்ளிக்கூடத்துக் கூரை

குந்தா மலைச்சரிவில், பிக்கட்டியில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்துத் தீயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இங்கே கீற்றுக் கொட்டகையும் இல்லை. தஞ்சைச் சீமையின் வெயிலும் இல்லை. ஆனாலும் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது. பள்ளிக்கூடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர் யார்?

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. கல்வித்துறைத் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. கட்டிடம் இல்லையா, பெஞ்சு இல்லையா, கரும்பலகை இல்லையா என்று ஊரே கணக்கெடுத்தது. நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். பணம் உள்ளவர் பணம் கொடுத்தார். சர்க்கார் காரியத்துக்கு ஜனங்கள் முகம் சுளிக்காமல் கொடுப்பது நம் நாட்டில் அபூர்வம்; அது நடந்தது.

ஆனால் கொடுத்த ஊர் கொடுத்த கையோடு வீட்டுக்குப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். வருஷந்தோறும் வந்து கூரையையும் சுவரையும் தட்டிப் பார்க்கும் பாத்தியதை அதற்குக் கிடைக்கவில்லை. அது இன்ஸ்பெக்டர் வேலை என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

இதற்கிடையே பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு வந்து சேர்ந்தது. காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்ட திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. அடுப்பை எங்கே வைப்பது, அதன் மேல் என்ன கூரை போடுவது என்பதுதான் விஷயம்.

2004 ஜூலை 16 அன்று, கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியின் சமையற்கூடத்துக் கீற்றில் தீப்பற்றியது. அங்கிருந்து மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான மாடிப்படி. 94 குழந்தைகள் மாண்டார்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் வந்த விபத்தா இது? 1997இல் தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைக் கொட்டகை எரிந்தது. 2001இல் ஏர்வாடியில் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தல் எரிந்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாம்பல் ஆறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கோயில் கொட்டகை வேறு, கல்யாணப் பந்தல் வேறு, பள்ளிக் கூரை வேறு என்று நாம் பிரித்துவைத்திருந்தோம். தீக்கு அந்தப் பிரிவினை தெரியாது. கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பத்திரமான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தியது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது இவர்கள் பொறுப்பு. கடம்பத்தூரில் கிடைக்காத மீதிப் பாதி விடை ஐம்பது வருஷம் கழித்து வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை என்பது, என் பார்வையில், பெரிய ஓட்டை.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். இங்கே பயம் நெருப்பல்ல, மண். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டு 8 அன்று, எங்களுக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மலையைச் சீவித் தட்டையாக்கிய இடத்தில்தான் இங்கே பள்ளிக்கூடம் கட்டமுடியும். பின்னால் மண்சுவர், முன்னால் பள்ளம். எந்த மேடு போன மழையில் விரிசல் விட்டது, எந்தக் கற்பூர மரம் வகுப்பறைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தேயிலைக்குள் பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் எந்த வளைவில் காட்டெருமை நிற்கும் என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இராது. இலை பறிக்கப் போகிற தாய்க்குத் தெரியும். சட்டம் அவளுக்குக் குழுவில் நாற்காலி போட்டிருக்கிறது. கூட்டத்தை மட்டும் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். சாயங்காலம் இலை எடை போட்டு முடிந்த பிறகு, மழைக்காலம் பிறப்பதற்கு முன்பு, வைக்கவேண்டும்.